கொம்பு முறிந்த செவலை

செஞ்சி,
ஜனவரி 1967

தம்பிக்கு,

பள்ளிக்கூடச் சுவரில் நான் வரைந்த புலி, மான், மயில் எல்லாம் அப்படியே இருக்கின்றன. ஏர் மாடு இரண்டுக்கு மட்டும் சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள். ஓட்டுச்சாவடிச் சுவரில் காங்கிரஸ் சின்னம் இருக்கிறது என்று மனுக் கொடுத்தவனே நீதானாம்.

கண் அவிந்தா போயிற்று? கட்சி மாட்டுக்குக் கொம்பு முறிந்திருக்குமா? அது நம் செவலையடா. அது செத்த அன்று சோறு வேண்டாம் என்று அழுதவன் நீ.

அம்மா வந்து வெள்ளைச் சுவரைத் தடவிப் பார்த்தாள். "நம்ம செவலைய எந்தப் பாவிடா அழிச்சான்?" என்றாள். தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

தேர்தல் முடிந்த மறுநாளே திரும்ப வரைவேன். இந்தத் தடவை பின்னால் ஏர் பிடித்து நைனாவும் நிற்பார். செத்துப்போன அந்த மனுஷர் எந்தக் கட்சி என்று அதற்குள் விசாரித்து வை.

உன் அண்ணன்