சம்பந்தி வீட்டுச் சஹன்

மருதமுனை
09.09.1955

அன்பின் தம்பி சாலிஹுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கொழும்பில் நீ சுகமாயிருக்கத் துஆச் செய்தபடி காக்கா எழுதுவது. வேறு வாயால் நீ கேட்கும்முன் நானே சொல்லிவிடுகிறேன். திங்கட்கிழமை சம்பந்தி அதாவுல்லாவின் புது வில்லுவண்டியில் வீடு திரும்பும்போது, கல்முனைக் கடைத்தெருவில் வைத்து, உன் காக்கா சாரத்தோடு கழிந்துவிட்டான். மெத்தையும் புதிது. வண்டிக்காரன் திரும்பிப் பார்க்காமலே மாட்டை விரட்டினான். அந்த மரியாதையை நான் மறக்கமாட்டேன்.

நம் மகள் ஸம்ஸியாவின் கலியாணப் பேச்சை உறுதிசெய்யத்தான் சாய்ந்தமருதுக்குப் போயிருந்தேன். மாப்பிள்ளையின் வாப்பா அதாவுல்லாவும் நானுமாக ஆறு பேர் ஒரே சஹன் தட்டைச் சுற்றியிருந்து சாப்பிட்டோம். என் பக்கத்து இறைச்சி தீரத்தீர, மனிதர் தன் பக்கத்திலிருந்து தள்ளிக்கொண்டேயிருந்தார். கை கழுவுமுன் இறக்காமத்து வயலையும் சீதனத்தில் சேர்ப்பதாக ஒப்புக்கொண்டேன். ஏன் ஒப்புக்கொண்டேன் என்று எனக்கே விளங்கவில்லை.

உன் மதினி ஜெமீலாவுக்கு விளங்கிவிட்டது. "சோத்துக்குள்ள மருந்து வெச்சிட்டாங்க, அதான் வயலுக்கும் தலையாட்டிட்டு வந்திரிக்கீங்க" என்கிறாள். மனதை மாற்ற வைக்கும் மருந்து அளவு கூடினால் ஆளையே கொண்டுபோய்விடுமாம். முதலில் சிரித்தேன். இரண்டாம் நாள் கால் விறைத்துக் கண் இருண்டபோது சிரிப்பு நின்றுவிட்டது.

பெரியநீலாவணைப் பரியாரி வேலப்போடி வந்து நாடி பிடித்தார். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். நான் சொல்லச் சொல்ல, நின்றவர் உட்கார்ந்துவிட்டார். குடிநீர் தந்தார். வைத்த மருந்தா என்று ஜெமீலா கேட்டதும் பையைக் கட்டிக்கொண்டு புறப்பட்டுவிட்டார். அது என் நெஞ்சில் கிடக்கிறது.

அதைவிடப் பெரிய பயத்தை, என்னைப் பார்க்க வந்த பள்ளிவாசல் மோதினார் சீனிமுகம்மது தந்தார். ஊராரைப்போல 'நோவு' என்று நான் முனகியிருக்கலாம். பத்திரிகை படிக்கிற வாயல்லவா, 'வலி, வலி' என்று முனகினேன். நிக்காஹ்வில் பெண்ணைப் பொறுப்பெடுத்துக் கொடுக்கும் வலியைத்தான் தேடுகிறேன் என்று எண்ணி, அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "கவலப்படாதீங்க மச்சான். வாப்பா இல்லாட்டி சாச்சா வலி நிப்பார்தானே. சாலிஹுக்கு எழுதுங்க" என்றார். வாப்பா இல்லாட்டி என்ற சொல்லைக் கேட்டதிலிருந்து எனக்குக் கஞ்சியும் இறங்கவில்லை.

கலியாணத்தையே நிறுத்து என்கிறாள் ஜெமீலா. ஸம்ஸியா தறியில்தான் இருக்கிறாள், ஆனால் தறிச்சத்தம் கேட்கவில்லை.

தம்பி, கடிதம் கண்டதும் புறப்பட்டு வா. நான் இருந்தால் சாய்ந்தமருதுக்குப் போய் நியாயம் கேள். இல்லாவிட்டால் பிள்ளையின் மனதில் என்ன என்று அவளிடமே கேட்டு, அதற்கு வலியாக நில். அல்லாஹ் உன் பயணத்தை லேசாக்குவானாக.

உன் காக்கா,
மக்கீன்

பி.கு.: உறையை ஒட்டும்போது வந்த செய்தி. அதாவுல்லாவும் திங்கள் முதல் பாயில்தானாம். நாங்கள்தான் மருந்து வைத்தோம் என்று அவர் மனைவி சுஹறா சொல்கிறாளாம். சஹனில் இருந்த மற்ற நால்வரும் சுகம். ஜெமீலா முந்திய நாளே தேங்காய்ப்பாலில் அவித்துக் கொடுத்தனுப்பிய வட்டிலப்பத்தை, மற்றவர்களுக்கு மிஞ்சவிடாமல் தின்றது நாங்கள் இரண்டு பேர்தான்.