பாகுமே மாதத்துக்கு ஒரு கட்டம்

அடிஸ் அபாபா,
நெஹாசே 12

ஹப்தாமுவுக்கு,

அன்புள்ள என்று போடத்தான் நினைத்தேன்; கை வரவில்லை. நைரோபியிலிருந்து நீ எழுதியது கிடைத்தது. உன் மென்பொருள் இப்போது நம் நாட்டில் நாற்பது கண் மருத்துவமனைகளில் ஓடுகிறதாம். பாகுமே நெருங்குகிறதாம். பழைய சிநேகிதத்தை நினைத்துத் தேதிக் கணக்கைச் சரிசெய்து தரவேண்டுமாம். உன் பயத்தைப் படிக்கப் படிக்க எனக்குக் குளிர்ச்சியாக இருந்தது.

ஒரே அலுவலகத்தில் உனக்குக் கீழே நான் அதை எழுதிக்கொண்டிருந்தபோது, மாதப் பட்டியலைப் பன்னிரண்டோடு நிறுத்தச் சொன்னவன் நீ. நம் எத்தியோப்பிய நாட்காட்டியில் வருஷக் கடைசியில் பதின்மூன்றாவது மாதமாகப் பாகுமே இருக்கிறதே என்றேன். எல்லோர் எதிரிலும் சிரித்தாய். "அஞ்சு நாள் மாசத்துக்குத் தனியா ஒரு கட்டம் வேணுமாம் மகாராணிக்கு! அதையெல்லாம் புது வருஷத்து முதல் நாளுக்குத் தள்ளி விடு. பண்டிகை நேரத்துல எவன் ஆஸ்பத்திரிக்கு வரப்போறான்?" என்றாய். அதையே எழுத்திலும் அனுப்பினாய்.

வந்தது என் அம்மா. போன பாகுமே மூன்றாம் தேதி கண் ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எழுத்தர் திரையைப் பார்த்துவிட்டு, "உங்க பேரு புது வருஷத்தன்னைக்குல்ல இருக்கு, போயிட்டு வாங்கம்மா" என்றார். எனக்கு அந்த நிமிஷமே விளங்கிவிட்டது. கத்தினேன், கெஞ்சினேன். அன்றைய பட்டியல் நிரம்பிவிட்டது. புது வருஷத்தன்று ஆபரேஷன் அறை பூட்டிக் கிடந்தது. அடுத்த தேதி கிடைப்பதற்குள் வலது கண் போய்விட்டது. புகார் கொடுத்தேன். "மேக்தெஸ் எழுதின புரோகிராம்தானே" என்று என்னையே கைகாட்டிவிட்டு நீ விமானம் ஏறினாய். என் வேலை போயிற்று.

இதெல்லாம் அம்மாவுக்குத் தெரியாது. "அந்தப் புள்ள ஏன் இப்பல்லாம் வர்றதில்ல? நீ ஏதும் வெடுக்குனு பேசிட்டியா?" என்று என்னைத்தான் திட்டுகிறாள்.

நீ கேட்டதைச் செய்துவிட்டேன். உனக்காக இல்லை; ஊரில் இன்னும் எத்தனையோ அம்மாக்கள் இருக்கிறார்கள். சரிசெய்ததை நாற்பது மருத்துவமனைகளுக்கும் நேற்றே என் பெயரில் நேராக அனுப்பினேன். கூடவே நீ எழுதிய அந்த உத்தரவையும், அம்மாவின் மருத்துவச் சீட்டையும் வைத்தேன். உன் மேலதிகாரிக்கும் ஒரு பிரதி போயிருக்கிறது. விசாரணைக்கு உன்னை இங்கே கூப்பிடுவார்கள்.

வரும்போது வீட்டுக்கு வா. அம்மாவிடம் நான் சொல்லமாட்டேன். நீயே அவள் எதிரில் உட்கார்ந்து சொல்.

உன் கண்கள் இரண்டும் நூறு வருஷம் நன்றாக இருக்கட்டும். நீ சொல்வதைக் கேட்கும்போது அவள் முகத்தை நீ பார்க்க வேண்டும்.

மேக்தெஸ்