மாரியம்மனிடம் பூக் கேட்கப் போன உபதேசியார் தங்கச்சி

அன்புக்கும் சண்டைக்கும் எனக்கென்று இருந்த ஆரோக்கியம் அண்ணாவுக்கு,

முதலில் வெற்றிச் செய்தி. மாரமங்கலம் சடையப்பன் நேற்று ஏற்காடு பஸ் ஸ்டாண்டில் கைத்தடியோடு நடந்து வந்து எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். அவர் நடந்ததில் எனக்கும் பங்கு உண்டு. அடக்கமாகச் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன், முடியவில்லை.

நீங்கள் இறைவனிடம் போன பிறகு நான் நம் மலை ஆஸ்பத்திரியில் தன்னார்வலராகச் சேர்ந்திருக்கிறேன். நோயாளிகளுக்கு ஆன்மிகத் துணை. கழுத்தில் அட்டைகூட மாட்டியிருக்கிறேன்! உபதேசியாராக நீங்கள் கட்டில் கட்டிலாகப் போய்த் தலையில் கை வைத்து ஜெபம் சொன்ன அதே வார்டுதான். ஆனால் எங்கள் பயிற்சியில் சொன்னது வேறு: உங்கள் ஜெபத்தைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், அவருக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். நீங்கள் இருந்திருந்தால் வகுப்பிலேயே எழுந்து சண்டை போட்டிருப்பீர்கள், இல்லையா?

சடையப்பன் மிளகு பறிக்க ஏறிய ஏணியிலிருந்து விழுந்து, தொடை எலும்பு முறிந்து வந்தார். சேலத்துக்குப் போய் ஆபரேஷன் செய்தாக வேண்டும், தள்ளிப்போட்டால் நடக்கவே முடியாமல் போகும் என்றார் டாக்டர். அவரோ மசியவில்லை.

“எங்க ஊரு மாரியாத்தாகிட்டப் பூக் கேக்காம நான் மலை எறங்கமாட்டனுங்க.”

வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம் கட்டி அம்மன் முன்னால் வைத்து, ஒன்றை எடுப்பார்கள். வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் இல்லை.

“யாருங்க போய்க் கேக்கோணும்?” என்றேன்.

“நீங்க போங்கம்மா. எங்கூட்டு ஆளுங்க எது வந்தாலும் வெள்ளைன்னு சொல்லிப்புடுவாங்க.”

போனேன், அண்ணா. அவர் மனைவி காளியம்மாவோடு பஸ் ஏறிப் போய், கழுத்தில் சிலுவையோடு மாரியம்மன் முன்னால் நின்றேன். மனசுக்குள் மாதாவையும் துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டேன். ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தேன். சிவப்பு.

திரும்பும் வழியெல்லாம் காளியம்மா என் கையை விடவில்லை. “ஏனுங்க, வெள்ளைன்னு ஒரு வார்த்தை சொன்னா உங்க வாய் வெந்தா போயிரும்? அவரு காலுங்க!”

காளியம்மா கேட்டதில் என்ன தப்பு? ஆனாலும் கட்டிலருகே உட்கார்ந்து, “சிவப்புதாங்க வந்துச்சு” என்று சொல்லிவிட்டேன்.

சடையப்பன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் சமாதானமும் சொல்லவில்லை, ஜெபமும் சொல்லவில்லை. நம்புங்கள், நானேதான்! பிறகு அந்த மனிதர் உடைந்து அழுதார்.

“நொம்பப் பயமா இருக்குதுங்கம்மா. மயக்க ஊசி போட்டா அப்படியே போயிருவனோன்னு இருக்குது. நாளைக்கு மறுக்காப் போங்க. இந்தப் பயத்தையும் ஆத்தாகிட்டச் சொல்லிட்டுக் கேளுங்க.”

விழுந்த நாளிலிருந்து பயம் என்று அவர் யாரிடமும் சொன்னதில்லையாம்.

மறுநாள் போய் ஒன்று விடாமல் அம்மனிடம் சொன்னேன், சத்தமாகவே. வெள்ளை வந்தது! காளியம்மா கோயிலிலேயே என்னைக் கட்டிக்கொண்டார். அன்று மத்தியானமே ஆம்புலன்ஸ் மலை இறங்கியது.

உபதேசியார் தங்கச்சி அம்மன் கோயிலில் நிற்கிறாள் என்று நம் சர்ச்சில் பேச்சு. பேசட்டும். உங்களுக்கும் கோபமா, அண்ணா? அப்படியென்றால் நேற்று டீக்கடையில் சடையப்பன் சொன்னதையும் கேளுங்கள்.

“மொத நாளு சிவப்புன்னு எனக்கு முன்னாடியே தெரியுமுங்க. காளி வார்டுக்குள்ள வந்தப்பவே அவ மூஞ்சியில தெரிஞ்சு போச்சு. நீங்க மட்டும் வெள்ளைன்னு பொய் சொல்லியிருந்தா, அப்புறம் எந்தப் பூவையும் நம்பி நான் மலையே எறங்கியிருக்க மாட்டனுங்க.”

டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன்.

இனி எந்தக் கட்டிலிலிருந்து, யார், எந்தச் சாமியிடம் அனுப்பினாலும் போவேன். கிடைத்த பதிலை மாற்றாமல் கொண்டுவருவேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு. சண்டை போடத்தான் வேண்டும் என்றால், நான் அங்கே வந்ததும் வைத்துக்கொள்வோம்.

உங்கள் பேச்சைக் கேட்காத ஒரே தங்கச்சி,
லூர்து