ஒண்டிக்கட்டை சமையல்

சேலையூர்
18-3-2007

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

வணக்கம். என்னை உங்களுக்குத் தெரியாது. என் பெயர் ஜெபராஜ், இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் வேலை. உங்கள் மகன் பொன்னுரங்கத்தின் நண்பன். அப்படிச் சொல்லிக்கொள்ளவே கூச்சமாக இருக்கிறது, ஏனென்றால் அவர் இறந்த செய்தி ஒரு மாதத்துக்கு மேல் ஆன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

தொடர்ந்து இரண்டு கூட்டத்துக்கு அவர் வரவில்லை. கைபேசி அணைந்தே கிடந்தது. பெரிய எழுத்தாளர் ஆகிவிட்டார், நம்மை எல்லாம் மறந்துவிட்டார் என்று கேலிகூடப் பேசினோம். போன புதன்கிழமை பல்லாவரத்தில் அவருடைய கம்பெனி வாசலில் போய் விசாரித்தேன். “அவரு பூட்டாரு சார். மாரடைப்பு. போன மாசமே. உங்களுக்குத் தெர்யாதா?” என்றார் காவலாளி. இந்த முகவரியை எழுதிக் கொடுத்தவரும் அவர்தான்.

என்ன கூட்டம் என்று நினைப்பீர்கள். இணையத்தில் அவரவர்க்கென்று ஒரு பக்கம் வைத்துக்கொண்டு தோன்றியதை எழுதலாம். வலைப்பதிவு என்று பெயர். அப்படி எழுதுகிறவர்கள் மாதம் ஒரு ஞாயிறு கேம்ப் ரோட்டில் ஒரு டியூஷன் சென்டர் மாடியில் கூடுகிறோம். எல்லாரும் நுங்கம்பாக்கத்திலும் மெரினாவிலும் கூடும்போது தாம்பரத்துக்காரர்கள் என்ன பாவம் செய்தோம் என்று நான்தான் ஆரம்பித்தேன். முதல் கூட்டத்துக்கு வந்தவர்களைவிட நாற்காலிகள் அதிகம். அன்று வந்தவர்களில் பொன்னுரங்கமும் ஒருவர்.

‘ஒண்டிக்கட்டை’ என்ற பெயரில் அவர் எழுதிய சமையல் குறிப்புகளைத் துபாயிலும் சிங்கப்பூரிலும் தனியாக இருக்கும் பிள்ளைகள் படித்துச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். அந்தக் கைப்பக்குவம் உங்களிடமிருந்து வந்ததாகத்தான் இருக்கும். கூட்டம் முடியும் முன்பே, “வூட்ல காத்துகினு இருப்பாங்க சார்” என்று கிளம்பிவிடுவார். எங்களில் மூத்தவரான ஞானையா, இவருக்குப் பெண் பார்த்தே தீருவேன் என்று ஜாதகம் கேட்டு நச்சரித்துக்கொண்டிருந்தார். அது நடக்காமலே போய்விட்டது.

வரும் மாதம் அவருக்கு ஒரு நினைவுக் கூட்டம் வைக்கிறோம். நீங்கள் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தால் எங்கள் மனம் ஆறும். ஆட்டோவோடு நானே வந்து அழைத்துப்போகிறேன்.

உங்கள் துக்கத்தில் பங்குகொள்ளும்,
ஜெபராஜ்


கீழ்க்கட்டளை
26-3-2007

ஜெபராஜ் சாருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. என் மாமியார் இறந்து நான்கு வருடம் ஆகிறது. கடிதத்தைப் பிரித்தது நான். நான் அவருடைய மனைவி. எங்களுக்குக் கல்யாணம் ஆகிப் பதினோரு வருடம். குழந்தை இல்லை.

கம்பெனியில் ஸ்டாக் எடுக்கிறார்கள் என்றுதான் மாதம் ஒரு ஞாயிறு போவார். நான் சாப்பாடு கட்டிக்கூடக் கொடுத்திருக்கிறேன். அதை என்ன செய்தார் என்று தெரியவில்லை.

அவர் சமையல் எழுதினார் என்கிறீர்கள். அவர் ஒரு சொம்பு வெந்நீர் வைத்துக்கூட நான் பார்த்ததில்லை. வேறு யாரோ பொன்னுரங்கமாக இருக்குமோ என்று நினைத்தேன். கம்பெனி வாசலில் விசாரித்தேன் என்று எழுதியிருப்பதால் அவர்தான் என்று தெரிகிறது.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் மேலும் இல்லை. அவர் போன நாளிலிருந்து எனக்கு எதுவுமே வருவதில்லை. நான் பில் போடும் மெடிக்கல் ஷாப்பில், கல்நெஞ்சுக்காரி என்று பேசிக்கொள்கிறார்கள். உள்ளே மரத்துக் கிடக்கிறது, அவ்வளவுதான்.

இரண்டு விஷயம் சொல்லுங்கள். அங்கே அவர் எப்படி இருந்தார்? என்னைப் பற்றி எங்கேயாவது எழுதியிருக்கிறாரா? போன் செய்யாதீர்கள். எனக்கு போனில் பேச வராது.

லோகநாயகி


சேலையூர்
1-4-2007

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் அலுவலகத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். என்ன எழுதினாலும் என் அசட்டுத்தனம் குறையப்போவதில்லை. மன்னித்துவிடுங்கள்.

எப்படி நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். அவருக்கு அந்தப் பக்கத்தைத் தொடங்கிக் கொடுத்தவன் நான். பெயர் கேட்கிறது, என்ன போடட்டும் என்றேன். சிரித்துக்கொண்டே, “ஒண்டிக்கட்டைன்னு போடு சார்” என்றார். அப்படியே போட்டேன். கல்யாணம் ஆகாதவர் என்று நாங்களாக முடிவு கட்டினோம். அவரும் மறுக்கவில்லை. ஞானையா ஜாதகம் கேட்கும்போதெல்லாம், “பாக்கலாம், இன்னா அவசரம்” என்பார். எல்லாரும் சிரிப்போம்.

அங்கே அவர் எப்படி இருந்தார் என்று கேட்டீர்கள். எங்களில் அதிகம் பேசுகிறவர் அவர்தான். கரண்ட் போனால் இருட்டிலேயே யாரையாவது நடித்துக் காட்டிச் சிரிக்க வைப்பார். தமிழில் தட்டச்சு செய்யத் தெரியாமல் வருகிறவர்கள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பார். ஒரு கல்லூரிப் பெண்ணுக்கு ‘ழ’ வருவதற்குள் எங்கள் எல்லாருக்கும் டீ ஆறிப்போனது. நீங்கள் கட்டிக்கொடுத்த சாப்பாட்டை, தானே சமைத்தது என்று சொல்லி எங்களுக்கெல்லாம் பங்கு வைப்பார். அதையும் மறைக்க மனமில்லை.

அவர் எழுதியவற்றை அச்செடுத்து இத்துடன் அனுப்புகிறேன். கட்டு கனமாகத்தான் இருக்கும். இவற்றைச் சின்னப் புத்தகமாகப் போட்டு நினைவுக் கூட்டத்தில் வெளியிட எங்களுக்கு ஆசை. உங்கள் சம்மதம் இல்லாமல் செய்யமாட்டோம். உண்மை தெரிந்தவன் நான் ஒருவன்தான். கூட்டத்தைத் தள்ளிவைத்திருக்கிறேன். ஹால் கிடைக்கவில்லை என்று சொல்லியிருக்கிறேன்.

என்றும் உங்கள் சகோதரனாக நினைத்துக்கொள்ள விரும்பும்,
ஜெபராஜ்


கீழ்க்கட்டளை
22-4-2007

ஜெபராஜ் சாருக்கு,

கட்டு வந்து சேர்ந்தது. கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் எல்லாவற்றையும் படித்து முடித்தேன்.

இவையெல்லாம் என் சமையல். என் பிறந்த வீடு கோவளம் பக்கத்துக் குப்பம். அங்கே மீன் குழம்புக்கு மாங்காய் எப்போது போடுவார்கள், சுறாவுக்கு ஏன் பூண்டு கூடுதலாக வேண்டும் என்பது இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். “அடுப்பை அமத்திட்டு நடுவுல கரண்டி போடாதீங்க” என்று எழுதியிருக்கிறாரே, அது நான் அவரிடம் சொன்னது. ஒரு சொல்கூட மாற்றாமல் போட்டிருக்கிறார்.

எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். சண்டையே கிடையாது. குழந்தை இல்லை என்பதைப் பேசிப் பேசித் தீர்த்தோம். அது தீர்ந்ததும் பேச வேறு எதுவும் இல்லை. டிவி ஓடும், சாப்பிடுவோம், படுப்போம். ஒண்டிக்கட்டை என்று போட்டுக்கொண்டதைப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஒரே வீட்டில் இரண்டு ஒண்டிக்கட்டைகள் இருந்தோம்.

அப்புறம் இரண்டு வருடத்துக்கு முன்னால் திடீரென்று மாறினார். வேலையிலிருந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் வந்து நிற்பார். “இன்னா போட்ட இதுல?” “புளி எவ்ளோ?” “இப்பவே ஏன் தேங்கா ஊத்தல?” முதலில் எரிச்சலாக இருந்தது. அப்புறம் பழகிவிட்டது. அப்புறம் அவர் வரும்வரை அடுப்பைப் பற்ற வைக்காமல் காத்திருக்க ஆரம்பித்தேன். தெரிந்த கேள்வியையே இரண்டு தடவை கேட்டாலும் இரண்டு தடவையும் பதில் சொல்வேன். என் அக்கா சுந்தரவல்லியிடம், “இப்பதான்க்கா அவரு என்னாண்ட பேசிகினு கீறாரு” என்று சொன்னேன். அவள் கோயிலுக்குப் போய்ச் சூடம் ஏற்றினாள்.

எல்லாம் உங்களுக்காகத்தான் கேட்டிருக்கிறார்.

அந்த இரண்டு வருடம்தான் எனக்கு என்று ஏதோ இருந்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அது யாருடையது என்று தெரியவில்லை.

என் கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லவில்லை. சமையலைப் பற்றிச் சொன்னீர்கள், சிரித்ததைப் பற்றிச் சொன்னீர்கள். என்னைப் பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா, இல்லையா?

லோகநாயகி


சேலையூர்
29-4-2007

அன்புள்ள சகோதரிக்கு,

இல்லை.

இதை எழுத நான்கு நாள் பிடித்தது. அவருடைய பக்கத்தின் கடவுச்சொல் என்னிடம் இருக்கிறது. எழுதிவிட்டு வெளியிடாமல் வைத்திருந்தவற்றைக்கூட ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். படித்தவர்கள் கேட்ட கேள்விகளுக்கு அவர் எழுதிய பதில்களையும் பார்த்தேன். யாரிடம் கற்றுக்கொண்டீர்கள் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கையைச் சுட்டுக்கொண்டு தானே கற்றதாகப் பதில் போட்டிருக்கிறார். உங்களைப் பற்றி எங்கும் எதுவும் இல்லை.

ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். வீட்டில் காத்திருப்பார்கள் என்று கூட்டத்திலிருந்து எழுந்து போவார் என்று முதல் கடிதத்தில் எழுதினேன். அம்மா என்று அவர் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. யாரும் சொல்லாமல் நாங்களே அப்படி எடுத்துக்கொண்டோம். பேச்சு நன்றாகச் சூடு பிடித்திருக்கும்போதும் எழுந்து போய்விடுவார். நாங்கள் பிடித்து இழுத்தாலும் நிற்கமாட்டார். இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. நடந்தது, அதனால் சொல்கிறேன்.

கூட்டத்தில் எல்லாரும் புத்தகம் எப்போது என்று என்னைக் குடைகிறார்கள். நினைவுக் கூட்டத்தை இனியும் தள்ளிப்போட்டால் நான் அவரைக் கண்டுகொள்ளவில்லை என்று நினைப்பார்கள். ஞானையா முகம் கொடுத்துப் பேசுவதே இல்லை. அது பரவாயில்லை, நான் பட்டுக்கொள்கிறேன்.

நீங்கள்தான் முடிவு சொல்ல வேண்டும். உங்கள் பெயரையும் படத்தையும் போட்டு, இது லோகநாயகியின் சமையல் என்று அட்டையிலேயே அச்சடிக்கத் தயார். மேடையில் நானே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். இல்லை, எதுவுமே வேண்டாம் என்றால் புத்தகத்தை நிறுத்திவிட்டு அந்தப் பக்கத்தையும் எடுத்துவிடுகிறேன். இரண்டு நிமிட வேலை. ஆனால் அவர் பேச்சு அதற்கப்புறம் எங்கும் இருக்காது. எது சரி என்று எனக்குத் தெரியவில்லை, சகோதரி.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
ஜெபராஜ்


கீழ்க்கட்டளை
17-6-2007

ஜெபராஜ் சாருக்கு,

இத்தனை நாள் உங்களைக் காக்க வைத்துவிட்டேன். எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை.

நீங்கள் பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு கம்ப்யூட்டர் தெரியாது. நான்கு வரி நீங்களே எழுதி, இது அவர் எழுதி வைத்தது என்று அனுப்பியிருந்தால் நம்பியிருப்பேன். அனுப்பாததற்கு நன்றி. அனுப்பியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றும் சில நாள் தோன்றியது.

புத்தகத்தைப் போடுங்கள். அவர் பெயர் மட்டும் இருக்கட்டும். இதைப் பெரிய மனசு என்று நினைத்துவிடாதீர்கள். என் பெயரைப் போட்டால் உங்கள் ஆட்கள் எல்லாரும் வந்து என்னிடம் வருத்தம் சொல்வார்கள். ஒவ்வொருவருக்கும் நான் பதில் சொல்ல வேண்டும். அதற்கு என்னிடம் தெம்பு இல்லை. அவரும் அங்கே ஒரே நாளில் பொய்யர் ஆகிவிடுவார். இருட்டில் நடித்துக் காட்டியதை அப்புறம் யாரும் சொல்லிச் சிரிக்கமாட்டார்கள். அந்த ஆளை நான் பார்த்ததே இல்லை. உங்களுக்காவது அவர் இருக்கட்டும்.

நினைவுக் கூட்டத்துக்கு வரமாட்டேன். என்னை யார் என்று சொல்லி உட்கார வைப்பீர்கள்? ஞானையா சாரிடம், பெண் பார்க்க அலைந்ததற்கு வீட்டில் நன்றி சொன்னார்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.

புத்தகம் அச்சாகும்போது கருவாட்டுக் குழம்புப் பக்கத்தில் யாரும் கை வைக்க வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

அவர் போனதிலிருந்து நான் சமைக்கவே இல்லை. மெஸ்ஸில் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை அக்கா வாளைக் கருவாடு கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள். மதியம் அடுப்பைப் பற்ற வைத்தேன். அதற்கு மேல் என்ன செய்வது என்று தெரியவில்லை. சின்ன வயதிலிருந்து செய்கிற குழம்பு, ஆனால் எதை முதலில் போடுவது என்று கைக்கு வரவில்லை. வாசலில் நின்று கேட்க ஆளில்லை. அடுப்பை அணைத்துவிட்டு நீங்கள் அனுப்பிய கட்டை எடுத்துவந்தேன். அந்தப் பக்கத்தை உப்பு ஜாடிமேல் சாய்த்து வைத்துவிட்டு அவர் சொன்னபடி ஒவ்வொன்றாகச் செய்தேன்.

புளித்தண்ணீர் கொதிக்கும்போது ஒரு கை உப்புப் போடு என்று எழுதியிருக்கிறார். அது தப்பு. கருவாட்டிலேயே உப்பு இருக்கிறது. கடைசியில் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் போட வேண்டும், பல நாள் போடவே தேவைப்படாது. அதை நான் அவரிடம் சொன்னதில்லை, சொல்ல வேண்டிய விஷயம் என்றே எனக்குத் தோன்றவில்லை. அவராக யோசித்து எழுதியிருக்கிறார். தப்பு என்று தெரிந்தும் அவர் சொன்னபடி ஒரு கை உப்புப் போட்டேன்.

குழம்பு கரித்தது. சோற்றில் ஊற்றி மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன். பதினோரு வருடத்தில் அவர் சமைத்து நான் சாப்பிட்டது அன்றைக்குத்தான். தட்டைக் கழுவப் போனபோது அழுகை வந்தது. குழாயைக்கூட மூடாமல் நின்றபடியே அழுதேன்.

லோகநாயகி