பச்சை மேல அடிக்காதே

டிசம்பர் 18

பொருளியல் பரீட்சை சுமார். பணவீக்கத்துக்கு மூன்று காரணங்கள் கேட்டிருந்தார்கள். இரண்டுதான் நினைவுக்கு வந்தன. மூன்றாவது திரும்பி வரும்போது பேருந்தில் வந்தது.

வீட்டில் அம்மா ஒரு காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் மதியச் சாப்பாடு சமைத்து அனுப்பும் கம்பெனியிலிருந்து வந்தது. ஆங்கிலம் என்பதால் நான் வரும்வரை காத்திருந்திருக்கிறாள். வாசித்துச் சொன்னேன். புது வருடத்திலிருந்து சாப்பாடு கொண்டுவரும் வண்டிகள் வெள்ளையாக இருக்க வேண்டும், எங்கேயும் துரு இருக்கக் கூடாது. ஜனவரி இரண்டாம் தேதி காலை ஒன்பது மணிக்குப் பரிசோதனை. தேறாத வண்டி அதற்குப் பிறகு கேட்டுக்குள் போகாது. வெளிநாட்டிலிருந்து யாரோ ஆடிட்டுக்கு வருகிறார்களாம்.

"வெள்ளை வண்டியில போனா சாம்பாருக்கு ருசி கூடிருமாட்டி?" என்றாள் அம்மா.

எங்கள் லோடு ஆட்டோ பச்சை. குருபரப்பள்ளியில் காய்கறி ஓட்டிக்கொண்டிருந்தவரிடம் அப்பா வாங்கியது. துருவைப் பற்றி எழுதவே வேண்டாம்.

டிசம்பர் 20

அப்பா நேற்றும் இன்றும் பட்டறை பட்டறையாக அலைந்துவிட்டு வந்தார். சிப்காட்டில் ஓடுகிற எல்லா வண்டிகளும் இந்த ஒரு வாரத்தில் பெயிண்டுக்கு நிற்கின்றன. பத்தாம் தேதிக்கு மேல் கொண்டு வா என்கிறார்களாம்.

ஆர்.சி.யில் நிறத்தை மாற்ற ஆர்.டி.ஓ. ஆபீசில் எழுதிக் கொடுத்துவிட்டார். நிறம்தான் இன்னும் மாறவில்லை.

அம்மா ராத்திரி சாப்பாட்டின்போது மெதுவாகச் சொன்னாள். "வேலை போச்சுன்னா ஊர்லயே போயி இருந்துக்கிடுவோம். பெரியத்தான் வீட்டு மாடி சும்மாதான கெடக்கு." அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பிரஸ் மெஷினில் வேலை பார்த்தபோது வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின. அதற்குப் பிறகு எங்களுக்கு இருப்பது அம்மாவின் நூற்று நாற்பது சாப்பாடும் இந்த வண்டியும்தான்.

எனக்கு அந்த ஊர் தெரியாது. திருவிழாவுக்குப் போயிருக்கிறேன், அவ்வளவுதான். பிளஸ் ஒன் பாதியில் போனால் எந்தப் பள்ளியில் சேர்ப்பார்கள்? சேர்ப்பார்களா?

"நான் அடிக்கிறேன்ப்பா" என்று சொல்லிவிட்டேன்.

"என்னத்தட்டி?"

"பெயிண்ட். கம்ப்ரஸர் வாடகைக்குக் கிடைக்கும். நான் படிச்சுக்கறேன்."

ஸ்பிரே கன்னின் விசையை இழுக்க ஆள்காட்டி விரலும் நடுவிரலும்தான் வேண்டும். அது மூன்று பேருக்கும் தெரியும். 

டிசம்பர் 23

பரீட்சை முடிந்தது. கம்பெனியும் நாளையிலிருந்து வருடக் கடைசி மூடல். ஜனவரி ஒன்று வரை சமையல் இல்லை. பத்து நாள் கையில் இருக்கிறது.

பெயிண்ட் கடை முனிராஜண்ணாவிடம் நானும் அப்பாவும் போனோம். அவர் கன்னடக்காரர், தமிழை ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்துப் பேசுவார். பிரைமர், வெள்ளை பெயிண்ட், தின்னர், துரு தின்ற இடத்தை நிரப்பப் பட்டி, தண்ணீர் விட்டுத் தேய்க்கிற வாட்டர் பேப்பர் எல்லாம் கொடுத்தார். ஒரு சாண் தள்ளிப் பிடிக்க வேண்டும், கை ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், நின்றால் வழியும். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். படி இறங்கும்போது கூப்பிட்டார்.

"பாப்பா! முக்கியம். பச்சை மேல அடிக்காதே. எல்லாம் கெட்டுப் போய்டும்."

சிவப்பு மையால் இரண்டு கோடு போட்டு வைத்திருக்கிறேன். எங்கள் வண்டி பச்சை என்று அவரிடம் நாங்கள் சொல்லவே இல்லை. எப்படித்தான் கண்டுபிடித்தாரோ! அனுபவம்.

டிசம்பர் 24

பச்சையை உரிக்க ஆரம்பித்தோம். தகரம் தெரிகிறவரை.

"லேசாத் தேச்சுட்டு மேலயே அடிக்கலாம்னுதான வீடியோவுல சொல்லுதான்" என்றார் அப்பா. நோட்டைக் காட்டினேன். பச்சை மேல் அடிக்கக் கூடாது. கடைக்காரரே சொன்னார். அப்பா நோட்டை மதிப்பவர். தேய்க்க உட்கார்ந்துவிட்டார்.

காலையிலிருந்து இருட்டுகிறவரை தேய்த்ததில் ஒரு கதவும் பின்பெட்டியின் ஒரு பக்கமும் முடிந்தன.

டிசம்பர் 25

பச்சைக்கு அடியில் ஒரு நீலம். நீலத்துக்கு அடியில் துரு. சக்கரத்துக்கு மேலே விரலால் அழுத்தினேன், பிஸ்கட் மாதிரி உடைந்து விழுந்தது. அப்பா இடது கையால் சுத்தியலைப் பிடித்துத் துருவை எல்லாம் தட்டி எடுத்தார். பட்டி போட்டோம்.

வீட்டுக்காரர் முனிசாமி வாசலில் வந்து நின்று வேடிக்கை பார்த்தார். "என்னாங்கோ, கோழிய உரிக்கற மாதிரி வண்டிய உரிச்சு வெச்சிருக்கீங்கோ? இறக்கை எங்க?"

அப்பா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

டிசம்பர் 26

நக இடுக்கெல்லாம் பச்சை. சோறு பிசைய முடியவில்லை, அம்மா ஊட்டினாள்.

டிசம்பர் 27

முடிந்தது. பச்சை ஒரு பொட்டு இல்லை. பிரைமர் அடித்தேன். முதல் பத்து நிமிடம் கன் என்னை இழுத்தது, அப்புறம் நான் அதை இழுத்தேன். வண்டி முழுக்க ஒரே சாம்பல் நிறம், அழகாக இருக்கிறது. மூக்கில் ஈரத்துணி கட்டியும் இருமல் நிற்கவில்லை. ஆனாலும் சந்தோஷமாகவே இருக்கிறேன்.

டிசம்பர் 28

பனி விலகவே பதினொரு மணி ஆகிவிட்டது. வெள்ளை முதல் பூச்சு அடித்தேன். அடியில் சாம்பல் தெரிந்தது. வெயில் மூன்று மணிக்கு மேல் நிற்காது. அதனால் உடனே இரண்டாவது, உடனே மூன்றாவது. வெள்ளை நன்றாக ஏறியது, பளபளத்தது. அம்மா வெளியே வந்து, "ஏட்டி, பால்சட்டி மாதிரில்லா இருக்கு!" என்றாள்.

அப்புறம் கதவில் ஒரு சொட்டு இறங்கியது. பக்கத்தில் இன்னொன்று. துடைக்கப் போய்த் துணி ஒட்டிக்கொண்டது. பின்தெரு கிரானைட் பாலிஷ் ஷெட்டிலிருந்து தூசி வந்து உட்கார்ந்தது.

காயும்போது சரியாகிவிடும். ஆகும்தானே?

டிசம்பர் 29

ஆகவில்லை.

பாலாடை மாதிரி சுருங்கிக் கிடக்கிறது. கதவு, முன்பக்கம், பெட்டி, எல்லா இடமும். தொட்டால் மேல்தோல் நகர்கிறது, உள்ளே கொழகொழ என்று ஈரம். என்ன பண்ணினேன்? எங்க தப்பு பண்ணினேன்? நோட்டில் இருந்ததை ஒன்றுவிடாமல் செய்தேனே. பச்சையை ஒரு பொட்டு விடாமல் எடுத்தேனே—

அம்மா பார்த்துவிட்டு உள்ளே போனாள். பாத்திரம் அடுக்குகிற சத்தம். பிறகு அங்கிருந்தே சொன்னாள். "பச்சையாவாவது ஓடிக்கிட்டு இருந்துச்சு."

என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவே இல்லை.

அப்பா கன்னை எடுத்து மோதிர விரலையும் சுண்டு விரலையும் விசையில் வைத்து இழுத்துப் பார்த்தார். காற்று வந்தது. கன் திரும்பிச் சுவரெல்லாம் வெள்ளைப் புள்ளி. கன்னைக் கீழே வைத்துவிட்டு, "போட்டும்" என்றார். இரண்டு தடவை சொன்னார். "போட்டும்."

என்னாலதான். நான் பேசாம இருந்திருந்தா வேற யாரையாவது பாத்திருப்பாங்க. பெரிய இவ மாதிரி, படிச்சுக்கறேன், படிச்சுக்கறேன்னு. என்னத்தப் படிச்சே நீ?

இன்னும் நான்கு நாள். இல்லை, நான்கு நாள்கூட இல்லை.

டிசம்பர் 30

பக்கத்து லைன் வீட்டில் இருக்கும், என் வகுப்பில் படிக்கும் சரிதாவைக் கூட்டிக்கொண்டு முனிராஜண்ணா கடைக்குப் போனேன். அவளுக்குக் கன்னடம் வீட்டு மொழி. அண்ணாவிடம் செல்போனில் படத்தைக் காட்டியதும் தலையில் கை வைத்தார்.

"எத்தனை நேரம் விட்டு அடிச்சே?"

"விடலைண்ணா. உடனே அடிச்சேன்."

"அய்யோ! சொன்னேனே, பச்சை மேல அடிக்காதேன்னு!"

எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. "பச்சையை எல்லாம் உரிச்சிட்டேண்ணா! நாலு நாளா உரிச்சோம்! தகரம் தெரியற வரைக்கும்!"

அவர் சரிதாவைப் பார்த்தார். "யாக்கம்மா உரிச்சா இவ? நான் ஹசி அந்தே! ஹசி!"

சரிதா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. "ஏன்டி மோகனா, ஹசின்னா பச்சை. கலர் பச்சை இல்லடி. பச்சையா இருக்கறது. காயாதது. காயாத பெயிண்ட் மேல அடிக்காதேன்னு சொல்லியிருக்காரு."

நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பச்சைத் தண்ணீர். பச்சை மண். பச்சைப் புண். பச்சைப் பிள்ளை. இதில் எது பச்சை நிறம்? தமிழில் வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்குகிறவள் நான். அவர் கன்னடத்தில் யோசித்துச் சரியான தமிழ்ச் சொல்லைத்தான் எடுத்துக் கொடுத்திருக்கிறார். நான் தவறான பக்கத்தைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் வண்டியை அவர் பார்த்ததே இல்லை. அது என்ன நிறம் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அன்றைக்கே எழுதியிருக்கிறேன், சொல்லவே இல்லை என்று. எழுதிவிட்டு யோசிக்கவில்லை.

செய்ய வேண்டாததை நான்கு நாள் செய்தோம். செய்யக் கூடாததை நான்கு மணி நேரத்தில் செய்து முடித்தேன்.

அப்பாவிடம் எப்படிச் சொல்வது?

டிசம்பர் 31

சொன்னேன். அப்பா நோட்டை வாங்கிச் சிவப்புக் கோடு போட்ட வரியைப் பார்த்தார். பிறகு, "அப்ப நான் சொன்ன வீடியோக்காரன் சரியாத்தான் சொல்லிருக்கான்" என்றார். அவ்வளவுதான். வாட்டர் பேப்பரை எடுத்துத் தண்ணீரில் நனைத்தார்.

சுருங்கின வெள்ளையைச் சுரண்டி எடுத்தோம், மூன்று பேரும். அம்மா தேங்காய் துருவுகிறவள். அவள் கை வேகம் எங்கள் இருவருக்கும் இல்லை. சாம்பல் பிரைமர் வரை வந்துவிட்டோம். என் விரல் நுனிகளில் தோல் இல்லை. தெருவில் எல்லோரும் புது வருடத்துக்குக் கோலப்பொடி கலக்கிறார்கள்.

நாளை ஒரு நாள்தான். அதிலும் வெயில் நான்கு மணி நேரம். பெயிண்ட் ஒருமுறைக்குத்தான் இருக்கிறது.

ஜனவரி 1

வண்டியைச் சுற்றித் தூசி வராமல் தார்ப்பாய் கட்டினோம். பதினொன்று பத்துக்கு முதல் பூச்சு. மெல்லிசாக, சாம்பல் தெரியத் தெரிய. நான் வண்டிக்கு அடிக்கும்போதே ஒரு அண்டா மூடிக்கும் அடித்து வெயிலில் வைத்தோம். அப்பா அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். விரல் போன இடத்தில் அவருக்குத் தொடுஉணர்ச்சி அதிகம், கூசும் என்பார். அந்த மொட்டை நுனியால் தொட்டுவிட்டுத் தலையாட்டினார்.

"இன்னும் பச்சை. இரு."

முப்பது நிமிடம். "பச்சைதான். இரு." என் கையில் கன் இருந்தது. அடித்துவிடலாம் என்று கை துடித்தது. வெயில் சுவரில் ஏறிக்கொண்டிருந்தது. ஐம்பது நிமிடம் கழித்து, "இப்ப அடி" என்றார்.

மூன்றாவது பூச்சு முடியும்போது மூன்றே கால். வெள்ளைதான். பளபளப்பு இல்லை. ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொர. இரண்டு இடத்தில் வழிந்திருக்கிறது. ஆறு மணிக்கெல்லாம் குளிர் இறங்கிவிட்டது. கடைசிப் பூச்சு விடிவதற்குள் காயாது. எனக்கே தெரிகிறது.

அம்மா நாளைக்கான அரிசியை அளந்து வைக்கவில்லை. அதை நான் பார்த்தேன்.

ஜனவரி 2

நான் பின்பெட்டியில் உட்கார்ந்து போனேன். கேட்டுக்கு வெளியே ஏழு வண்டிகள், எல்லாம் கண்ணாடி மாதிரி வெள்ளை. எங்களுடையது மட்டும் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி.

ஒரு சேஃப்டி ஆபீசர் வந்தார், இளவயதுதான். எங்களுக்கு முன்னால் நின்ற வேனைச் சுற்றி வந்து, சக்கரத்துக்கு மேலே சாவியால் ஒரு கீறு கீறினார். புது வெள்ளை செதிலாக வந்தது. அடியில் சிவப்புப் பொடி. "அடுத்தது" என்றார்.

எங்கள் கதவில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். எடுத்தபோது ரேகை அப்படியே பதிந்திருந்தது. அவருடைய விரலிலும் வெள்ளை.

"என்னங்க இது, இன்னும் பச்சையா இருக்கு?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். வெள்ளை வண்டியைப் பார்த்து ஒருவர் பச்சை என்கிறார், இந்தத் தடவை எனக்கு உடனே புரிகிறது. என்ன பிரயோசனம்?

பிறகு சாவியை எடுத்தார். சக்கரத்துக்கு மேலே. வெள்ளை, சாம்பல், அதற்கும் அடியில் பட்டி, ஓரத்தில் சுத்தமான தகரம். கதவுக்குக் கீழே கீறினார். தகரம். குனிந்து அடிப்பக்கம் கீறினார். தகரம்.

"பழைய பெயிண்ட்ட முழுசா எடுத்துட்டா அடிச்சீங்க? எந்தப் பட்டறை இவ்வளவு வேலை பாக்குது?"

"பட்டறை இல்ல சார். எம் மக."

அவர் என்னைப் பார்த்தார். என் விரல்களைத்தான் பார்த்தார் என்று நினைக்கிறேன். "எதுக்கு இவ்வளவு தேய்ச்சே?"

விரல்களை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். அப்பாதான் சொன்னார். "சொன்னத கேட்டுட்டா சார்."

தாளில் ஏதோ எழுதினார். "துரு இல்லை. ஆனா பெயிண்ட் ஒட்டுது. சாப்பாட்டு வண்டிய இப்படி உள்ள விட முடியாது. திங்கக்கிழமை பத்து மணிக்குக் கொண்டாங்க, பாக்கலாம்."

பாக்கலாம் என்றால் ஆம் என்று பொருளா, இல்லை என்று பொருளா? வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இதுதான்.

ஜனவரி 3

வெயில். அப்பா அண்டா மூடியைத் தொட்டுப் பார்த்தபடியே இருக்கிறார்.

ஜனவரி 4

பனி. ஒன்பதரை வரை எதிர்வீடு தெரியவில்லை. அம்மா என்னிடம், "வெங்காயம் உரிச்சு வைக்கட்டுமா, வேண்டாமா?" என்று கேட்டாள். என்னிடம் ஏன் கேட்கிறாள்? "உரிம்மா" என்றேன். இருவரும் உரித்தோம்.

ஜனவரி 5

திங்கள். பள்ளி திறந்தது. முதல் பீரியடிலிருந்து எதுவும் மண்டையில் ஏறவில்லை. வரலாற்று டீச்சர் இரண்டு முறை எழுப்பி நிறுத்தினார். பத்து மணி ஆயிற்று. பதினொன்று ஆயிற்று. பொருளியல் தாளைத் திருப்பிக் கொடுத்தார்கள். மூன்றாவது காரணத்துக்கு மதிப்பெண் இல்லை.

எங்கள் வகுப்பு ஜன்னலிலிருந்து சிப்காட் போகும் ரோடு தெரியும். தினமும் பன்னிரண்டு பத்துக்கு எங்கள் வண்டி அந்த வழியாகப் போகும், சாப்பாட்டோடு. கம்பெனி வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அது அந்த ரோட்டில் வர வேலையே இல்லை.

பன்னிரண்டு பத்து. ஒரு தண்ணீர் லாரி போனது. பன்னிரண்டு பதினொன்று. சரிதா மேசைக்கு அடியில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பன்னிரண்டு பதிமூன்றுக்கு ஒரு லோடு ஆட்டோ வந்தது. வெள்ளை. பள்ளிக்கு எதிரே இருக்கும் வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்கியது, சாம்பார் அண்டா தளும்பாமல் அப்பா இறக்குவது போல. இந்தத் தூரத்திலிருந்து சொரசொரப்பு தெரியவில்லை. கதவில் ஒரு கட்டைவிரல் ரேகை காய்ந்துபோயிருக்கும். அதுவும் தெரியவில்லை.