நீ சொல்லாமல் நட்ட கிழங்குகள்

இன்று காலை கொட்டிலுக்குப் பின்னாலிருந்த முட்செடிகளை வெட்டி அகற்றினேன். ஈர மண்ணில் நாலைந்து பச்சை முளைகள். ஒன்றைக் கிள்ளி மோந்தேன். பார்க்க வெங்காயத்தாள், மணத்தில் வெங்காயம் இல்லை. அங்கேயே குந்தியிருந்து உன்னை நினைத்துச் சிரித்தேன்.

எண்பதுகளின் கடைசியில், லண்டன் மோர்டனில் இந்த வீட்டில் ஆளுக்கோர் அறை எடுத்திருந்தோம். எனக்கு விசா கிடைத்துவிட்டது. உனக்குக் குரோய்டன் குடிவரவு அலுவலகத்திலிருந்து ஒரு முடிவும் வரவில்லை. வேலையில்லாத ஒரு மாசி மாதத்து நாளில் இந்தத் தோட்டத்தைத் துப்புரவாக்க இறங்கினோம். மண்ணுக்குள் குண்டு குண்டாகக் கிழங்குகள். முன்பிருந்தவர்கள் வெங்காயத்தை மறந்துவிட்டுப் போய்விட்டார்கள் என்று உனக்கு ஒரே புளுகம், ஒரே சந்தோசம். பாதிப் பாத்தியைக் கிண்டி, ஒன்றைக் குசினிக்குக் கொண்டுபோய் வெட்டி, முகத்தைக் கிட்டக் கொண்டுபோனாய்.

"கண் எரியேல்லையடி. இது வெங்காயமில்லை" என்றாய்.

கை மட்டும் அரித்துக் கடித்தது. யாழ்ப்பாணத்தில் வெங்காயத் தறையில் வளர்ந்தவளுக்கு வந்த சோதனையைப் பார் என்று நான் பகிடி பண்ண, நீ காதில் போட்டுக்கொள்ளாமல் மிச்சத்தையெல்லாம் திரும்பப் புதைத்தாய். என்னதான் வருகிறதென்று பார்க்க வேண்டுமாம். வேலைக்குப் போகுமுன் ஒருதரம், வந்த பின் ஒருதரம் எட்டிப் பார்ப்பாய். பங்குனியில் மஞ்சள் மஞ்சளாக டஃபடில் பூத்தது. பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலால் விளக்கம் சொன்னாள்: இலையுதிர்காலத்தில் நட வேண்டும், குளிர் முழுக்க மண்ணுக்குள் கிடக்கும்.

உனக்கு அதுதான் பிடிபடவில்லை. நீ நட்டதெல்லாம் கீரையும் போஞ்சியும்தான். கெதியில் பலன் தருவதைத்தான் நடலாம், எப்போது போகச் சொல்வார்களோ தெரியாது என்பாய். பூக்களைப் பார்த்தபடி கேட்டாய்:

"அப்ப நட்ட ஆளுக்கு, பூக்கேக்கை தான் இங்கைதான் இருப்பன் எண்டு எப்பிடித் தெரியும்?"

அந்த ஆள் யார், எங்கே போயிருப்பார், எந்தப் பக்கமிருந்து நடத் தொடங்கியிருப்பார் என்று கோடை முழுக்க ஆராய்ந்தாய்.

அந்த ஐப்பசியில் ஒரு பை கிழங்கோடு வந்தாய். குரோய்டனிலிருந்து இன்னும் ஒன்றும் வந்திருக்கவில்லை. நான் ஷிப்ட் முடிந்து வரும்போது பை வெறுமையாகக் கிடந்தது, உன் நகமெல்லாம் மண். எங்கே நட்டாய் என்று கேட்டேன்.

"சொல்லமாட்டன். வரேக்கை பார்" என்றாய்.

தை மாதத்தில் காய்ச்சல் என்றுதான் ஆஸ்பத்திரிக்குப் போனாய். திரும்பி வரவில்லை. பங்குனியில் படிக்கட்டோரம், உடுப்புக் காயப்போடும் கொடிக்கம்பத்தடி, குழாயடி என்று நீ நட்டவை ஒவ்வொன்றாக எழும்பின. நான் ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று அழுதேன்.

இந்த வீட்டை நானும் என் கணவரும் வாங்கியும் வருசங்களாகிவிட்டன. கொட்டிலுக்குப் பின்னால் ஏன் நட்டாய் என்பது மட்டும் விளங்கவில்லை. அங்கே யார் பார்ப்பார்கள்? இன்னும் எங்கெங்கே வைத்திருக்கிறாயோ. அதனால் மாசியில் இங்கே ஒருவரையும் மண்வெட்டி போட விடுவதில்லை. முழங்காலூன்றி இருந்து, விரலால்தான் கிளறுகிறேன்.