பளபளப்பில் போன வருடம்

லீஜ், செவ்வாய்

அன்புள்ள அம்மாவுக்கு,

முட்டிவலி தேவலையா? நான் நலம், கோபம்தான் ஆறவில்லை.

பழைய அரைத் தானியங்கிக் கைத்துப்பாக்கிகளைப் பார்த்து வயது சொல்வதுதானே ஏலக்கடையில் என் வேலை? இன்று ஓடில் என்றொரு பாட்டியம்மா, தன் தகப்பனாருடையதைக் கண்ணாடிபோல் மின்னக் கொண்டுவந்தார். வருட முத்திரை இருந்த இடம் வழுவழுவென்று இருந்தது.

"உங்களுக்காகத்தான் தம்பி, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சேன்!"

"தாயே, நீங்க தேய்ச்சது அழுக்கை இல்ல, அது பொறந்த வருஷத்தை!"

"அதான் புதுசாட்டம் இருக்கே, அப்புறம் என்ன?"

தலையில் அடித்துக்கொண்டேன்.

கம்பளிக் காலுறை அனுப்பு. அலமாரியில் இருக்கும் அப்பாவின் துப்பாக்கியைத் துடைக்கிறேன் என்று கிளம்பிவிடாதே, உன்னை எனக்குத் தெரியும். அதன் பிடியில் அவர் கட்டைவிரல் பட்டுப் பட்டு விழுந்த பள்ளம் அப்படியே இருக்கட்டும். வந்ததும் என் விரலை அதில் வைத்துப் பார்க்க வேண்டும்.

வாசலில் அடுத்த ஆள் வந்துவிட்டார். ஐயோ, அவர் கையிலும் ஏதோ மின்னுகிறது.

உன் மகன்,
இன்யாக்கி